கோவிலூர் வீட்டில் ஒரு கணப்படுப்பு: இரண்டு குளிர்காலத்துக் கணக்கு

எங்கள் ஊர் கோவிலூர், வட்டவடைப் பஞ்சாயத்து. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் தாண்டி, பாம்பாடும் சோலைக் காட்டுக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தால் படிப்படியாகப் பூண்டும் கேரட்டும் போட்ட வயல்கள் தெரியும். அங்கேதான். ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டுப் பேச்சு தமிழில். கேரளத்தில் ஏது குளிர் என்று கீழே சமவெளியில் இருக்கிற சொந்தக்காரர்கள் இன்னும் கேட்பார்கள். டிசம்பர் கடைசியில் ஒரு ராத்திரி வந்து தங்கச் சொல்வேன், அப்புறம் கேட்க மாட்டார்கள். அந்த மாதத்தில் ஜீப் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டிவிட்டுத்தான் காலையில் வண்டியை எடுப்பேன்.

அம்மா 34 வருஷம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். ஓய்வு பெற்றால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்து கொடுத்துவிட வேண்டும் என்பதால் பிறந்த ஊருக்கே வந்துவிட்டாள். மழையிலும் பனியிலும் சரிவில் நின்ற முழங்கால். குளிர் ஏறினால் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருப்பாள். மின்சார ஹீட்டர் ஒன்று வாங்கினேன். 2,000 வாட், மணிக்கு இரண்டு யூனிட். பில் வந்தபோது அம்மாவே அதைத் துணி போட்டு மூடி மூலையில் வைத்துவிட்டாள். கரண்டு போகிற ராத்திரியில் அது எப்படியும் மூலையில்தான் இருக்கப்போகிறது.

"லயத்துல இருந்தப்ப செய்வோமே, சட்டியில தணல் அள்ளி வெச்சாப் போதும்" என்றாள். அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. புகை நின்ற தணலிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு நிறைய வரும். நிறமும் இல்லை, வாசமும் இல்லை. லயத்து வீட்டில் சுவருக்கும் கூரைக்கும் இடையில் காற்று தாராளமாகப் போய்வந்ததால் பிழைத்தோம். மலை ஊர்களில் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழாத செய்தியைப் பேப்பரில் எத்தனை முறை படித்துவிட்டோம்.

சரி, புகைக்குழாய் வைத்த இரும்பு அடுப்பு ஒன்று செய்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். எஸ்டேட் பங்களாக்களில் சுவருக்குள் கட்டிய வெள்ளைக்காரன் காலத்துக் கணப்பைப் பார்த்திருக்கிறேன், பார்க்க அழகுதான். ஆனால் திறந்த கணப்பில் எரிகிற விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு அறைக்குக் கிடைத்தால் பெரிது. மீதி புகைக்கூண்டு வழியே போய்விடும், போகிறபோது அறையில் இருக்கும் சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். கதவு மூடிய அடுப்புதான் வேண்டும்.

முதல் வருஷம்

மூணாறில் ஒரு வெல்டிங் பட்டறை. பட்டறைச் சேட்டனிடம் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். 5 எம்எம் தகடு, உள்ளே 45 சென்டிமீட்டர் ஆழம், 30 அகலம், 35 உயரம். முன்னால் கதவு, அடியில் கம்பிச் சல்லடை, அதற்குக் கீழே சாம்பல் தட்டு. மேலே 6 அங்குலக் குழாய். "குழப்பமில்ல, குழப்பமில்ல" என்றார். மலையாளத்தில் அதற்குப் பிரச்சினை இல்லை என்று அர்த்தம். தமிழ்க் குழப்பம் பின்னால் வந்தது.

பெயின்ட் மட்டும் நான் சரியாகச் செய்தேன். ஜீப் சைலன்சருக்கு அடிக்கிற, சூடு தாங்கும் கருப்புப் பெயின்ட். அதை வாசலில் வைத்து மூன்று தடவை எரித்து நாற்றம் போன பிறகுதான் உள்ளே கொண்டு வந்தேன்.

மற்றதெல்லாம் தப்பு. கூரையில் ஓட்டை போட்டால் ஒழுகும் என்று பயந்து, குழாயை அடுப்புக்கு மேல் நான்கடி ஏற்றி, வளைத்துச் சுவருக்கு வெளியே நீட்டி, அங்கே இன்னொரு வளைவு போட்டு, கூரை விளிம்புக்குக் கீழேயே முடித்துவிட்டேன். வெளியே போன குழாய் ஜிஐ. துத்தநாகப் பூச்சுள்ள குழாயை அடுப்பின் சூட்டுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, பூச்சு கெட்டுப் புகைய ஆரம்பித்தால் அது மூச்சுக்கு நல்லதில்லை. அதுவும் எனக்கு அப்போது தெரியாது.

முதல் ராத்திரி பற்ற வைத்ததும் கதவின் நாலு பக்கமும் புகை. கண் எரிந்து ஜன்னலைத் திறந்தோம். ஜன்னலைத் திறந்தால் எதற்குக் கணப்பு? அரை மணி நேரம் கழித்து ஓரளவு இழுக்க ஆரம்பித்தது. காற்று மேற்கிலிருந்து அடித்ததும் மறுபடி உள்ளே தள்ளியது. அப்படியே ஒரு மாதம் ஓட்டினோம். ஒரு ராத்திரிக்கு 12 கிலோ விறகு போட்டும் அறை 15 டிகிரியைத் தாண்டவில்லை. கீழ்வீட்டு அத்தாச்சி, காயப்போட்ட துணியெல்லாம் புகை வாசம் என்று அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அதுவும் நியாயம்தான். தெளிவான குளிர் ராத்திரியில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கி நிற்கும், நம் புகை அதன் மேல் போர்வை மாதிரி படுத்துக்கிடக்கும். விடிந்து வெயில் ஏறும்வரை கலையாது.

பிறகு ஒரு நாள் காலையில் சுவரில் கருப்பாக ஒரு கோடு. குழாய் மூட்டிலிருந்து பிசுபிசுவென்று ஏதோ வழிந்து, காலண்டரில் இருந்த முருகன் மேல் இறங்கி, தரையில் ஒரு சிறு குட்டை. தொட்டால் தார். கருகிய மாமிசம் மாதிரி ஒரு நெடி. அம்மா ஒன்றும் பேசவில்லை. முருகனைக் கழற்றித் துடைத்து சாமி அலமாரிக்குள் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டியிருக்கலாம்.

பெரியப்பா வந்து பார்த்தது

அப்பாவின் பெரிய அண்ணன். தேயிலை ஃபேக்டரியில் ட்ரையருக்குச் சூடுகாற்று தரும் ஹீட்டரில் விறகு போட்டே காலத்தைக் கழித்தவர். வாசலில் நின்றே புகைக்குழாயைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்.

"டேய், உன் ஜீப்புல இப்படிப் புகை வந்தா என்ன பண்ணுவ?"

"நாசில், பம்பு எல்லாம் பார்க்கக் கொடுப்பேன் பெரியப்பா. ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கான்னு பார்ப்பேன்."

"எதுக்கு?"

"டீசல் முழுசா எரியாமப் போகுதுல்ல."

"அப்ப இது மட்டும் என்ன, சாம்பிராணியா?"

அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறவனுக்கு இது உறைக்காமல் போனது எனக்கே வெட்கம். புகை என்றால் எரியாத எரிபொருள். விறகு என்பது கட்டையாக எரிவதில்லை. சூடு ஏறினால் அதன் எடையில் முக்கால் பங்குக்கு மேல் வாயுவாகக் கிளம்பிவிடும், அந்த வாயு எரிவதைத்தான் சுவாலை என்கிறோம். அது தானாகப் பற்றி எரிய ஏறக்குறைய 600 டிகிரி சூடு, போதுமான காற்று, இரண்டும் கலந்து புரள்வதற்கு இடம் எல்லாம் வேண்டும். ஒன்று குறைந்தால் எரியாத வாயு குழாயில் ஏறி, குளிர்ந்த இடத்தில் தாராகப் படியும். ஆங்கிலத்தில் கிரியோசோட் என்பது அதைத்தான். என் சுவரில் வழிந்தது நான் காசு கொடுத்து வாங்கி, பிளந்து, சுமந்துவந்த விறகின் சூடு.

பெரியப்பா குழாய் மூட்டைக் கையால் தடவிப் பார்த்துச் சொன்ன இன்னொன்று: "மேல் குழாயோட வாய் கீழ்க் குழாய்க்குள்ள போகணும். நீ தலைகீழா மாட்டியிருக்க." புகை மேலே போகிறது, அதனால் கீழ்க் குழாய் மேல் குழாய்க்குள் நுழைய வேண்டும் என்று நினைத்திருந்தேன். புகைக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. வழிந்து இறங்குகிற தாருக்குத்தான் கவலை. மேல் குழாய் கீழ்க் குழாய்க்குள் இறங்கியிருந்தால் தார் உள்ளேயே ஓடி அடுப்பில் விழுந்து எரிந்துபோகும். ஒரு மூட்டுக்கு மூன்று ஸ்குரூ. இதெல்லாம் சேட்டனுக்கும் தெரியவில்லை, அவர் தண்ணீர்க் குழாய் ஞாபகத்தில் மாட்டியிருப்பார்.

விறகு

அடுப்பைக் கழற்றுவதற்கு முன்னால் விறகைப் பார் என்றார் பெரியப்பா. என்னிடம் இருந்தது கிராண்டிஸ். எங்கள் பஞ்சாயத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இருக்கிற தைல மரம். வெட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது, மேலே தொட்டால் காய்ந்த மாதிரிதான். நடுவே அறுத்து ஒரு வில்லை எடுத்து, பூண்டு நிறுக்கும் தராசில் வைத்தேன். 200 கிராம். மூணாறில் தெரிந்த பேக்கரி ஒன்றில், ரொட்டி எடுத்த பிறகு ஆறிக்கொண்டிருந்த போர்மா அடுப்புக்குள் இரண்டு ராத்திரி வைத்து எடுத்தேன். 98 கிராம். பாதிக்குப் பாதி தண்ணீர்.

தண்ணீரை ஆவியாக்கவே சூடெல்லாம் போகிறது என்று எல்லோரும் சொல்வோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு. ஒரு கிலோ பச்சை விறகில் அரைக் கிலோ தண்ணீர். கரண்டு பில் யூனிட்டிலேயே சொன்னால், அதை ஆவியாக்க ஏறக்குறைய 0.35 யூனிட் சூடு போதும். மீதி அரைக் கிலோ மரத்துக்குள் இரண்டரை யூனிட் இருக்கிறது. ஆக, தண்ணீர் நேராகத் தின்பது ஏழில் ஒரு பங்குதான். பெரிய நஷ்டம் அதுவல்ல. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை கட்டை நூறு டிகிரியிலேயே தயங்கி நிற்கும். அடுப்பு 600 டிகிரிப் பக்கமே போகாது. அதனால் வாயு எரியாது. தண்ணீர் ஒரு பங்கைத் தின்றுவிட்டு மற்ற பங்குகளையும் புகையாக வெளியே அனுப்பி வைக்கிறது. சில வீடுகளில் இப்படித்தான், பந்தியில் சாப்பிட உட்கார்கிற ஆளைவிட அடுப்பை அணைத்துவிட்டுப் போகிற ஆள் அதிகம் கெடுப்பான்.

மொத்த எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே ஈரம் இறங்கினால் விறகு தயார். அப்போது ஒரு கிலோவில் சுமார் 4 யூனிட் சூடு. இங்கிலாந்தில் 2021 மே மாதத்திலிருந்து சில்லறையாக விற்கிற விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டார்கள். நமக்குச் சட்டம் போட ஆள் இல்லை, தராசு இருக்கிறது. அடுக்கில் நாலு கட்டையில் பெயின்டால் எண் எழுதி, மாதம் ஒருமுறை நிறுத்தேன். மூன்றாம் நம்பர் கட்டை பிப்ரவரியில் 2.4 கிலோ, மழைக்காலத்தில் அசையவே இல்லை, நவம்பரில் 1.5 கிலோ. எடை குறைவது நின்றுவிட்டால் அந்த ஊர்க் காற்றுக்கு அதற்கு மேல் காயாது என்று பொருள். ஈரம் காட்டும் சின்னக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கினால் கட்டையை அப்போதே பிளந்து நடுவில் குத்திப் பார்க்க வேண்டும். வெளித்தோலில் குத்தினால் பொய் சொல்லும்.

அடுக்குவதிலும் ஒரு தவறு செய்தேன். மழை படாமல் இருக்கட்டும் என்று நீலத் தார்ப்பாயால் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டிவிட்டேன். திறந்தால் பூஞ்சை, நடுவில் ஒரு எலிக் குடும்பம். மேலே மட்டும் தகரம், பக்கமெல்லாம் திறப்பு, அடியில் இரண்டு கழி வைத்துத் தரையில் படாமல், வெட்டுமுகம் காற்றைப் பார்த்து. இவ்வளவுதான். வட்டவடைப் பக்கம் மூணாறு அளவுக்கு மழை இல்லை, மழை மறைவுப் பகுதி. அந்த ஒரு விஷயத்தில் எங்களுக்கு யோகம். மூணாறு டவுனில் இருப்பவர்கள் கோடையிலேயே பிளந்து அடுக்கிவிட வேண்டும். பிளக்காத உருட்டுக் கட்டை வருஷக்கணக்கில் காயாது, தோல் தண்ணீரை வெளியே விடாது.

எந்த மரம் நல்லது என்று கேட்பார்கள். காய்ந்த மரம். கிலோவுக்குக் கிலோ எல்லா மரமும் கிட்டத்தட்ட ஒரே சூடுதான். கனமான மரம் இடத்தை அடைக்காமல் நின்று எரியும், லேசான மரம் சீக்கிரம் பற்றும். தொடங்குவதற்கு சில்வர் ஓக் சுள்ளி, அப்புறம் கிராண்டிஸ். கடைசியில் போடுவதற்குப் பிடுங்கிய தேயிலைத் தூர் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை, கல் மாதிரி இருக்கும். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பிளாஸ்டிக் உறை எதுவும் உள்ளே போகக் கூடாது. அம்மா பால் பாக்கெட்டைச் சுருட்டிப் போட வந்தபோது ஒரு சண்டை நடந்தது, அது இங்கே வேண்டாம்.

இரண்டாம் வருஷம், கழற்றிப் போட்டது

சல்லடையை வெட்டி எடுத்தேன். அடியிலிருந்து காற்று வாங்குவது நிலக்கரிக்குச் சரி. விறகு ஓர் அங்குலச் சாம்பல் மெத்தையில் படுத்து, மேலிருந்து காற்று வாங்கித்தான் நன்றாக எரியும். சல்லடை இருந்தபோது கொல்லன் உலை மாதிரி ஒரே மூச்சில் எரிந்து முடிந்துவிடும்.

உள்சுவர் மூன்று பக்கமும் தரையிலும் தீச்செங்கல். உடுமலையில் வாங்கினேன், ஜீப் அந்தப் பக்கம் சவாரி போனபோது. வெறும் இரும்பு சூட்டை உடனே வெளியே கடத்திவிடும், உள்ளே நெருப்பு சூடேற விடாது. செங்கல் சூட்டைத் திருப்பி நெருப்பின் முகத்திலேயே அடிக்கும். பூசவில்லை, சும்மா நெருக்கி அடுக்கினேன். சாதாரண சிமென்ட் கலவை அந்தச் சூட்டில் பொடியாகிவிடும், பூசுவதாக இருந்தால் தீக்களிமண்தான்.

குழாய் வாய்க்குக் கீழே, பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகச் சாய்த்து ஒரு தடுப்புத் தகடு. முன்னால் நான்கு விரல் இடைவெளி. வாயு நேராகக் குழாய்க்குள் ஓடாமல் முன்னால் வந்து சுற்றிப் போக வேண்டும். அந்தத் தகட்டுக்குக் கீழே குறுக்காக இரண்டு முக்கால் அங்குல இரும்புக் குழாய்கள், அவற்றில் 5 எம்எம் ஓட்டைகள் வரிசையாக. அந்தக் குழாய்கள் அடுப்பின் பின்பக்கத்திலிருந்து காற்றை எடுத்து, நெருப்புக்கு நடுவே ஓடிச் சூடாகி, மேலே எரியாமல் நிற்கும் வாயுவில் ஊதும். அடுப்பு நல்ல சூட்டில் இருக்கும்போது கதவுத் துவாரம் வழியே பார்த்தால் கட்டையில் சுவாலை குறைவாக இருக்கும், மேலே ஓட்டைகளில் காஸ் அடுப்பு மாதிரி வரிசையாகச் சுடர் நிற்கும். முதல்முறை பார்த்தபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சொக்கப்பனை மாதிரி இருக்குடா" என்றாள்.

கதவுக்குக் கண்ணாடி இழைக் கயிறு. கடையில் முதலில் ஆஸ்பெஸ்டாஸ் கயிறுதான் எடுத்துக் கொடுத்தார்கள், விலை குறைவு. வேண்டாம் என்றேன். அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. கயிறு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்துக் கதவைப் பூட்டி இழுக்க வேண்டும். சுலபமாக வந்தால் அந்த இடத்தில் காற்று ஒழுகுகிறது. கீல் பக்கம் இரண்டு தடவை வந்தது. கயிற்றைச் சற்றே வெளியே இழுத்து ஒட்டினேன்.

பிறகு குழாய். இதில்தான் நிறைய நாள் போனது. புகைக்குழாய்தான் இந்த வண்டியின் எஞ்சின், அடுப்பு வெறும் கேபின். குழாய்க்குள் இருக்கும் சூடான காற்று லேசாகி மேலே ஏறும், அந்த இழுப்புதான் கதவு வழியே புதுக்காற்றை உள்ளே வாங்குகிறது. உயரமும் சூடும் இருந்தால் இழுப்பு. எங்கள் ஊர் கடல் மட்டத்துக்கு மேல் 1,500 மீட்டருக்கும் அதிக உயரம். இங்கே காற்றே ஆறில் ஒரு பங்குக்கு மேல் மெலிசு. மேட்டில் ஜீப் திணறுகிற மாதிரிதான் குழாயும். அதனால் கொஞ்சம் தாராளமாகவே உயரம் வைக்க வேண்டும். வளைவு ஒவ்வொன்றும் இழுப்பைத் தின்னும். அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் 1740களில் செய்த இரும்புக் கணப்பில் புகை கீழே இறங்கி, தரைக்கடியில் போய், அப்புறம் மேலே ஏற வேண்டும். எல்லாம் சூடாக இருக்கும்வரை இழுத்தது, ஆறியதும் அறைக்குள் திரும்பியது. அவ்வளவு பெரிய மூளைக்காரரே சறுக்கிய இடத்தில்தான் நானும் இரண்டு வளைவு போட்டு விழுந்திருக்கிறேன் என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதல்.

இந்த முறை நேராகக் கூரைக்கு மேல். அடுப்பின் தலையிலிருந்து மொத்தம் 4.5 மீட்டர். அறைக்குள் 2 மீட்டர் வெறும் கருப்பு இரும்புக் குழாய், அதுவும் அறைக்குச் சூடு தரும். அதற்கு மேல் எவர்சில்வர் குழாய், அதைச் சுற்றி 10 அங்குலத்தில் இன்னொரு குழாய், இரண்டுக்கும் நடுவே ராக்வூல் என்ற, சூடு தாங்கும் கல் பஞ்சு திணித்தது. வெளியே குழாய் குளிர்ந்தால் தார் படியும், இழுப்பும் போகும். கூரையில் புகுகிற இடத்தில் மரச் சட்டத்தை வெட்டி, வெளிக்குழாய்க்கும் மரத்துக்கும் நடுவே ஒரு சாண் விட்டு, சிமென்ட் பலகையால் மறைத்தேன். வெறும் குழாய் ஓடுகிற இடத்தில் மரமோ துணியோ 45 சென்டிமீட்டருக்குள் இருக்கக் கூடாது. அடுப்பிலிருந்து அம்மாவின் கட்டில் நாலடி தள்ளி. குழாயின் தலை கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து மூன்றடியாவது மேலே, பத்தடித் தூரத்துக்குள் இருக்கும் எதையும்விட இரண்டடியாவது உயரமாக இருக்க வேண்டும் என்பது இந்த வேலையில் பழைய விதி. கூரை முகடு குறுக்கே வந்ததால் நான் நாலரை அடி ஏற்ற வேண்டியிருந்தது. மேலே தொப்பி, கூரை ஷீட்டில் தகரச் சட்டை, சுற்றிச் சிலிக்கான். ஜூன் மாதத்தில் ஒழுகியது. சட்டையின் மேல் விளிம்பை முகட்டுப் பக்கத்து ஷீட்டுக்கு அடியில் செருகாமல் மேலே வைத்திருந்தேன். மாற்றினேன், நின்றது.

குழாயில் டேம்பர், அதாவது இழுப்பைக் குறைக்க உள்ளே திருப்பி அடைக்கிற தகடு, வைக்கவில்லை. தணல் உயிரோடு இருக்கும்போது யாராவது குழாயை அடைத்துவிட்டால் மோனாக்சைடு அறைக்குள்தான் வரும். அந்த வாய்ப்பே வேண்டாம். மோனாக்சைடு அலாரம் ஒன்று, பேட்டரியில் ஓடுவது, அம்மாவின் தலைமாட்டுப் பக்கச் சுவரில். அடுப்புக்குப் பின்னால் வெளிச்சுவரில் தரையோடு 4 அங்குல ஓட்டை, எலி வராமல் வலை. அறையில் சுவருக்கும் கூரைக்கும் நடுவே கை நுழைகிற சந்துகள் இருந்தன, அவற்றைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டேன். அதனால் அடுப்புக்கென்று தனிக் காற்று வழி வேண்டும். சந்தை அடைத்ததற்கே தனியாக இரண்டு டிகிரி கிடைத்தது, அதற்குச் செலவு அரை மூட்டை சிமென்ட்.

எரிக்கிற விதம்

இதைத்தான் அம்மா கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. பெரிய கட்டை அடியில், அதன் மேல் மணிக்கட்டுப் பருமனில் நாலைந்து, அதற்கு மேல் விரல் பருமன் சுள்ளி, உச்சியில் சில்வர் ஓக் சீவலும் ஒரு மலையாளப் பேப்பர் தாளும். தீ உச்சியில். "தலையில தீ வைக்கிறவன இப்பத்தான் பாக்குறேன்" என்றாள். ஆனால் அடியில் வைத்தால் மேலே கிடக்கும் குளிர்ந்த கட்டையிலிருந்து கிளம்பும் வாயு எரியாமல் போகும். மேலே வைத்தால் கீழிருந்து வரும் வாயு தீயைத் தாண்டித்தான் போயாக வேண்டும். முதல் தாளின் சூட்டிலேயே குழாயும் எழுந்துவிடும்.

ஜனவரியில் ஒரு ராத்திரி எழுதி வைத்தது. வெளியே 6 டிகிரி, அறை 12. மாலை 6:10க்குப் பற்ற வைத்தேன். 6:25க்கு வெளியே போய்ப் பார்த்தேன், குழாய் வாயில் புகை இல்லை, நட்சத்திரம் லேசாக நடுங்கியது, அவ்வளவுதான். 7:00 மணிக்குக் குழாயின் வெளிச்சூடு 190 டிகிரி. ஃபேக்டரி எலக்ட்ரீஷியனிடம் இரவல் வாங்கிய துப்பாக்கித் தெர்மாமீட்டர். 120க்குக் கீழே போனால் தார் படியும், 250க்கு மேல் போனால் அதிகம். 8:00 மணிக்கு அறை 19. 9:15க்குக் கடைசி விறகு. 10:30க்குத் தணல் மட்டும். காலை 5:30க்கு அறை 14. மொத்த விறகு 5.5 கிலோ.

14 எப்படி நின்றது என்றால், அடுப்பின் இரண்டு பக்கமும் பின்னாலும் சாதாரணச் செங்கல் 60, காற்று புகும்படி கொஞ்சம் இடைவெளி விட்டு அடுக்கியிருக்கிறேன். ஏறக்குறைய 180 கிலோ. 40 டிகிரி சூடேறினால் அதில் ஒன்றரை யூனிட்டுக்கு மேல் தங்கும், விடிய விடிய மெதுவாகத் திருப்பித் தரும். லயத்துப் பழக்கத்தில் அம்மா செய்ய நினைத்தது, நிறைய விறகைத் திணித்துக் காற்றை அடைத்து ராத்திரி முழுக்கப் புகையவிடுவது. அதைப் போலக் கெட்ட வழி இல்லை. தார், மோனாக்சைடு, குறைந்த சூடு, மூன்றும் சேர்ந்து வரும். கொஞ்சமாகப் போட்டு, காற்றைத் திறந்து வைத்து, மளமளவென்று எரித்துவிட்டு, சூட்டைச் செங்கல்லிடம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போவதுதான் சரி.

அமெரிக்காவில் 2020 மே மாதத்திலிருந்து புதிதாக விற்கும் விறகு அடுப்பு மணிக்கு 2 முதல் 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள் வெளியே விடக் கூடாது. என் பட்டறை அடுப்பைக் கொண்டுபோய் அங்கே வைத்தால் தேறாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் அளவுகோல் வேறு. முதல் வருஷம் குழாயைச் சுரண்டியபோது இரண்டு லிட்டர் பெயின்ட் டப்பா நிறையக் கருப்புச் சில்லு, சில இடத்தில் கண்ணாடி மாதிரி பளபளவென்று. அந்தப் பளபளப்பு பற்றிக்கொண்டால் குழாய்க்குள் ரயில் போகிற மாதிரி இரைச்சல் கேட்கும் என்று பெரியப்பா சொன்னார். நல்லவேளை, நாங்கள் கேட்கவில்லை. இரண்டாம் வருஷம் புதுக் குழாயில் கம்பி பிரஷ் விட்டு எடுத்தேன். காய்ந்த பொடி, டீ டம்ளரில் பாதி.

சாம்பல் ஒரு வாரத்துக்கு ஒரு சட்டிதான். மூடி போட்ட இரும்பு வாளியில், வெளியே, மரத்தை விட்டுத் தள்ளி. இரண்டு நாள் கழித்தும் உள்ளே கங்கு இருக்கும், அட்டைப் பெட்டியில் கொட்டி வைத்தவர்கள் கதையெல்லாம் உண்டு. பூண்டுப் பாத்தியில் லேசாகத் தூவுகிறேன், எங்கள் மண் புளிப்பு மண் என்பதால் ஒத்துக்கொள்கிறது. உருளைக்கிழங்குப் பாத்தியில் போட மாட்டேன், புளிப்பு குறைந்தால் கிழங்கில் சொறி வரும்.

செலவு: பட்டறைக்கு இரண்டு தடவையும் சேர்த்து 17,000, குழாய்க்கும் ராக்வூலுக்கும் 11,500, தீச்செங்கல், கயிறு, அலாரம் எல்லாம் 5,000க்குள். குழாயை முதலிலேயே கூரைக்கு மேல் ஏற்றியிருந்தால் 6,000 மிச்சம். விறகு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. கீழ்வீட்டு அத்தாச்சி இப்போது ஒன்றும் சொல்வதில்லை, அவர் வீட்டுப் பூனை ராத்திரியானால் எங்கள் செங்கல் மேல்தான் படுக்கிறது.

அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. ஆனால் குறை ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கம் பூண்டைக் கட்டுக்கட்டாகச் சமையலறைப் பரணில் தொங்கவிட்டு, அடுப்புப் புகை பட வைப்போம். புகை பட்ட பூண்டு விதைக்கு எடுக்கிறவரை கெடாது, பூச்சி அண்டாது. புது அடுப்பு வந்த பிறகு அம்மா சமையலையும் பாதி அதன் தலையிலேயே வைத்துக்கொண்டாள். சென்ற அறுவடையில் பரணில் இருந்த பூண்டு நாலு கட்டு முளைத்துவிட்டது. "உன் அடுப்பு புகையவே மாட்டேங்குதே" என்கிறாள், குற்றமாக. பழைய மண் அடுப்பை மறுபடி மெழுகியாகிவிட்டது. அடுக்கில் இன்னும் காயாத கிராண்டிஸ் ஒரு சுமை தனியாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறாள், நாளைக்குப் பூண்டைப் பரணில் தொங்கவிடுகிறோம்.